விழத் தெரிந்தவள்

என் பெரியம்மாவின் கதையைப் படமாக எடுத்தார்கள். அந்தப் படத்தில் என் பெரியம்மாவைத் தவிர எல்லாரும் இருந்தார்கள்.

பாட்டும் கூத்தும் காதலுமாக மூன்று மணி நேரம் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் படம். நாடகக் கம்பெனியில் ஆடிப் பாடும் ஒரு ஜோடி, கொஞ்சம் ஆசை, கொஞ்சம் ஊடல், ஒரு பிரிவு, கடைசி ரீலில் கட்டிப்பிடி. இன்றைக்கும் விடுமுறை மத்தியானங்களில் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காலத்துக் காதலே தனி என்கிறார்கள். அந்தக் காலத்துக் காதல் என்ன லட்சணத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தொலைபேசி நிலையத்தில் ஷிப்டு வேலை என்பதால் நான் பாதி வளர்ந்தது பெரியம்மா வீட்டில்தான்.

பெரியம்மா பதினேழு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தாள். அழகைப் பார்த்து யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆள் குள்ளம். கழுத்து எங்கே என்று தேட வேண்டும். குரல், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் இருக்கும். ஆனால் விழுவாள். விழுவதற்கு என்ன வித்தை வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை மேடையில் விழுந்து பார்க்கட்டும். சிரிப்பு வருகிறதா, டாக்டர் வருகிறாரா என்று தெரிந்துவிடும். பெரியம்மா விழும்போது கால் முதலில் போகும், இடுப்பு யோசித்துவிட்டுப் பின்னால் போகும், கை எதையோ பிடிக்கப் போய் வேறு எதையோ பிடிக்கும், முகத்துக்கு மட்டும் விஷயம் கடைசியில்தான் தெரியவரும். தரையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த முகம் திடுக்கிடும். அந்த இடத்தில் கொட்டகை அதிரும்.

அவளோடு ஜோடி சேர்ந்து ஆடியவன் ஆறடி உயரம். கம்பெனியில் அவனை நெட்டை என்றார்கள், அவளைக் குட்டை என்றார்கள். பெரியம்மா அவனை அவன் இவன் என்றேதான் பேசுவாள். கேட்டுக் கேட்டு எனக்கும் மரியாதை கொடுக்க வாய் வரவில்லை. நாடகத்தில் ஒரு அங்கம் முடிந்து, படுதாவுக்குப் பின்னால் அரண்மனையைப் பிரித்துத் தோட்டத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். ஜனங்கள் எழுந்து போய்விடாமல் அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் பிடித்துவைக்க வேண்டியது இந்த இரண்டு பேரின் வேலை. அவன் மனமுருகக் காதல் பாட்டுப் பாடுவான். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டோ ஏணியைச் சுமந்துகொண்டோ வந்து விழுவாள். அவள் விழுகிற அதே நொடியில் அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, எதையும் பார்க்காதவன் போல அடுத்த அடியை எடுப்பான். அதுதான் வேடிக்கை. முடிந்ததும் முன்னால் வந்து குனிந்து கைதட்டலை வாங்கிக்கொள்வான். சிரிப்பு அவளுடையது, கும்பிடு அவனுடையது. ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

ஒன்பது வருஷமும் கல்யாணப் பேச்சும் ஓடியது. அடுத்த ஊர் போனதும் முடிவு பண்ணிவிடலாம் என்பான். கம்பெனி நாற்பது ஊர் போய் வந்தது. நாற்பத்தோராவது ஊரில், ஒரு மத்தியான ஆட்டத்தில், இரண்டாம் அங்கம் முடிந்து பெரியம்மா ஏணியோடு தயாராக நிற்கும்போது அவனைக் காணவில்லை. சினிமாக் கம்பெனியிலிருந்து ஆள் வந்ததாம். பின்வாசல் வழியாகப் போய்விட்டான். கோட்டும் தொப்பியும் நாடகக் கம்பெனிச் சொத்து என்பதால் அதை மட்டும் ஒழுங்காகக் கழற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பவர் ஒருவர் உண்டு. அவரை முணுமுணுப்பு என்று கூப்பிடுவார்கள். அவர்தான், ஆள் ஓடிவிட்டான், நீயே ஏதாவது பண்ணு என்று முணுமுணுத்தார். பெரியம்மா ஒப்பனை அறைக்கு ஓடிப்போய், அவன் கோட்டும் தொப்பியும் தொங்கிய மர ஸ்டாண்டை அப்படியே இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். தன் தகரக் குரலில் அவன் பாட்டைப் பாடினாள். ஒவ்வொரு அடிக்கும் அது பதில் சொல்லும் என்று காத்திருந்தாள். சொல்லாததால் கோபித்துக்கொண்டாள். பிறகு தானே சமாதானமாகி அதன் மேல் சாய்ந்தாள். அது சரிந்தது, இவளும் சரிந்தாள். ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தோட்டம் கட்டி முடித்த பிறகும் பத்து நிமிஷம் படுதாவைத் தூக்க முடியவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன், அன்றைக்கு அழுதீர்களா என்று.

"அன்னைக்கு ரெண்டு ஆட்டம் இருந்துது" என்றாள்.

அதன் பிறகு இரண்டு வருஷம் ஸ்டாண்டோடுதான் ஆடினாள். அவனுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அது ஒருநாளும் பல்லவியை மறந்ததில்லை என்பாள். பிறகு ஜனங்கள் சினிமாவுக்குப் போய்விட்டார்கள், நாடகக் கம்பெனி படுத்துவிட்டது. பெரியம்மாவும் சினிமாவுக்கே போனாள். ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கம்பிபோட்ட கூண்டு, கை நுழைகிற அளவுக்கு அரைவட்டமாக ஒரு ஓட்டை, உயரம் போதாததால் நாற்காலியில் இரண்டு தலையணை. அந்த ஓட்டை வழியாக உலகத்தின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு பதிமூன்று வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. எழுதியவர் வேறு யாருமில்லை, முணுமுணுப்புதான். ஒன்பது வருஷம் அடுத்தவர் வசனத்தை இருட்டில் நின்று எடுத்துக்கொடுத்தவர், இப்போது அடுத்தவர் வாழ்க்கையை வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார். வாசலில் போஸ்டர் ஒட்டியபோதே பெரியம்மா கூண்டைவிட்டு வெளியே வந்து பார்த்தாள். கதாநாயகன் ஒரு கோட்டு ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்மூடி நின்றான்.

முதல் நாள் கவுண்டரில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டுப் பின்சுவரில் சாய்ந்து நின்று முழுப் படத்தையும் பார்த்தாள். கதாநாயகி கொடி மாதிரி இருந்தாள். விழுந்தால் உடைந்துவிடுவாளோ என்று பயந்தோ என்னவோ, படம் முழுக்க அவளை யாரும் விழவிடவில்லை. ஒரே ஒரு இடத்தில் மயங்கினாள். அதற்கும் கட்டில் தயாராக இருந்தது. கதாநாயகனுக்குச் சினிமா வாய்ப்பு வருகிறது. ரயில் ஏறுகிறான். மனசாட்சி உறுத்துகிறது. ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து, மழையில் மூன்று மைல் ஓடி, பாட்டின் நடுவே கொட்டகைக்குள் நுழைந்து, சுருதி பிசகாமல் அடுத்த அடியைப் பாடுகிறான். இது போதாதென்று, கதாநாயகி காய்ச்சலில் படுத்தபோது அவளுடைய சால்வையை ஸ்டாண்டில் போர்த்தி, அதோடு உருகி உருகி ஆடுகிறான். ஓடிப்போனவனைத் திரும்பிவரச் செய்ததையாவது ஆசை என்று விட்டுவிடலாம். அவள் முதுகு ஒடியக் கண்டுபிடித்த ஆட்டத்தையும் பிடுங்கி அவனுக்கே கொடுத்திருந்தார்கள். படத்தில் அதுதான் எல்லாருக்கும் பிடித்த காட்சி.

மறுநாளிலிருந்து, படம் எப்படி என்று கவுண்டரில் யாராவது கேட்டால், "டிக்கெட் நல்லா இருக்கு" என்றாள். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். அப்புறம் யார் கேட்டாலும் கை நிறைய மூக்குப்பொடி போட்டவள் போல ஒரு தும்மல் போட்டாள். படம் என்னவோ பிய்த்துக்கொண்டு ஓடியது.

அந்தத் தியேட்டரில் அந்தப் படத்தை வெறுத்த இன்னொரு ஜீவன், மேலே மெஷின் ரூமில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். மெஷின் இரைச்சலில் ஒரு காது மந்தம். கட்டாயத்தின் பேரில் ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்கிற பாவி. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவர் ஒவ்வொரு ஓட்டையாகச் சொல்வார். கதாநாயகன் குதிக்கிற ரயில் நின்றுகொண்டிருக்கிறது. மரங்களைத்தான் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரே மரம் இரண்டு தடவை போகிறது. மூன்று மைல் மழையில் ஓடிவந்தவனுக்கு முதுகு நனையவே இல்லை. பெரியம்மா அதையெல்லாம் காது குளிரக் கேட்டாள். ஊரே உருகிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. தான் யார் என்று அவரிடம் அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

எண்பதாவது நாள் ஓட்டைக்குள் ஒரு நீளமான கை வந்து பால்கனிக்கு ஒன்று கேட்டது. கை அடையாளம் தெரியவில்லை. குரல் தெரிந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். படம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவனே கம்பிக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"குட்டை. நீயா இது?"

"ஆமா."

"படம் பார்த்தியா? நம்ம கதை. அந்த மழைல ஓடி வர்ற சீன் வந்துதா, எனக்கு அப்படியே எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு."

"எது ஞாபகம் வந்துது?"

"நான் திரும்பி வந்தது."

பெரியம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாளாம். பொய் சொல்கிற முகமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அவன் அதை நம்பியிருந்தான் என்பாள்.

"நீ வரல" என்றாள்.

அவன் யோசித்தான். "மனசளவுல வந்தேன்."

"மனசளவுல வந்தவன் மனசளவுலயே கிளம்பு. அடுத்த ஆட்டத்துக்கு ஆள் வர்ற நேரம்."

அவன் சினிமாவில் மூன்று வருஷம் கும்பலில் நின்றிருக்கிறான். உயரம் பின்னால் நிற்பவர்களை மறைக்கிறது என்று எல்லாப் படத்திலும் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு ஒரு மரச்சாமான் கடையில் அலமாரி விற்கும் வேலை. கட்டிய மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள். இதையெல்லாம் கம்பிக்கு வெளியே நின்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஒரு வாரம் கழித்து, இனிமேலாவது கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றான். பெரியம்மா முடியாது என்று சொல்லவில்லை. நாளைக்கு வந்து மறுபடியும் முழுப் படத்தையும் பார், அந்தப் பெண் எத்தனை தடவை விழுகிறாள் என்று எண்ணிக்கொண்டு வா என்று அனுப்பினாள். அவனும் மெனக்கெட்டு எண்ணிவிட்டு வந்தான்.

"ஒரு தடவைகூட விழலையே" என்றான்.

"அப்ப அது நான் இல்ல. உனக்கு வேண்டியது அவதான். அவகிட்ட போய்க் கேளு."

நூறாவது நாள் காலையில் தியேட்டரிலேயே விழா வைத்தார்கள். கதாநாயகன் வந்தார். முணுமுணுப்பு வந்தார், இப்போது தங்க ஃபிரேம் கண்ணாடி, சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார். பரிசுக் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு மேடைப் படிக்கட்டு ஓரம் நின்ற பெரியம்மாவை அடையாளம் கண்டுகொண்டு, கிட்டே வந்து, உன்னை மனசில் வைத்துத்தான் எழுதினேன் என்றார். பெண்பிள்ளை விழுவதைப் பார்த்துக் குடும்பத்தோடு வருகிற ஜனம் சிரிக்காது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டாராம்.

"ஒம்பது வருஷம் என்னைப் பார்த்துச் சிரிச்சதெல்லாம் அனாதைங்களா?" என்றாள் பெரியம்மா.

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பேச்செல்லாம் முடிந்ததும் ஜனங்கள் ஸ்டாண்டு ஆட்டம் வேண்டும் என்று கத்தினார்கள். ஸ்டாண்டு மேடையிலேயே அலங்காரத்துக்கு நின்றது. கதாநாயகன் முழங்காலைத் தடவினார். படத்தில் முதுகைக் காட்டி ஆடியதெல்லாம் வேறு ஒருத்தர் என்பது ஆபரேட்டருக்குத் தெரியும், ஜனங்களுக்குத் தெரியாது. மேனேஜர் கையைப் பிசைந்தார். அந்த நேரம் பார்த்து நாலாவது வரிசையிலிருந்து நெட்டை எழுந்து, இது என் சொந்தக் கதை, நான் ஆடுகிறேன் என்று மேடை ஏறிவிட்டான்.

தொப்பை விழுந்த ஐம்பது வயது ஆள் ஒரு மரக்கட்டையைத் தழுவிக்கொண்டு சுற்றுவதைப் பார்க்க எவ்வளவு நேரம் பொறுமை இருக்கும்? இரண்டாவது சுற்றிலேயே விசில் அடித்தார்கள். மூன்றாவதில் கீழே இறங்கு என்றார்கள். அவன் ஸ்டாண்டை முன்னால் பிடிக்க வேண்டிய இடத்தில் பின்னால் பிடித்தான், தாளத்தை விட்டான், பாட்டை மட்டும் விடாமல் பாடினான். அவன்மேல் இரக்கமெல்லாம் ஒன்றுமில்லை என்று பெரியம்மா சத்தியம் செய்வாள். தான் பெற்ற பிள்ளையை வேறு ஒருத்தன் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தது போல் இருந்ததாம். தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். நாலாவது படியில் விழுந்தாள்.

கால் போயிற்று, இடுப்பு யோசித்தது, எட்டுக் கோப்பைகளும் ஒவ்வொன்றாக ஒவ்வொரு படிக்கும் ஒரு மணியடித்துக்கொண்டு இறங்கின. கடைசிக் கோப்பை நின்ற பிறகு அவள் முகம் திடுக்கிட்டது. மேடையில் நெட்டை, பழகிய மாடு தானாகக் கொட்டிலுக்குத் திரும்புவது போல, சரியாக அந்த நொடியில் முதுகைக் காட்டித் திரும்பி அடுத்த அடியை எடுத்தான். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த ஆட்டம் நாலு விநாடி உயிரோடு இருந்தது. கொட்டகையே வெடித்துச் சிரித்தது.

ஐந்தாவது விநாடியில் யாரோ, ஐயோ பாவம், அடிபட்டிருக்கும் என்றார்கள். அவ்வளவுதான். சிரிப்பு அணைந்துபோயிற்று. சிரித்தவர்கள் வெட்கப்பட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தர் சோடா உடைத்தார், ஒருத்தர் விசிறினார், ஒரு அம்மாள் மடியில் தலையை எடுத்து வைத்துக்கொண்டாள். கதாநாயகனே இறங்கி வந்து, "பார்த்து நடக்கணும்மா" என்று புத்தி சொன்னார். வாழ்க்கையிலேயே மிக நேர்த்தியாக விழுந்ததற்கு இதுதான் கிடைத்தது. மேடையில் நெட்டை குனிந்து கைதட்டலுக்குக் காத்திருந்தான். முணுமுணுப்புக்கு எல்லாம் புரிந்திருந்தது. பேச வேண்டிய இடத்தில் பழைய வழக்கப்படி முணுமுணுக்கக்கூட இல்லை. விழாவில் பெண் ஊழியர் ஒருவர் தவறி விழுந்ததாகவும் காயம் ஏதும் இல்லை என்றும் மறுநாள் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அடிபட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. "தவறி" என்ற அந்த வார்த்தையைச் சாகிறவரைக்கும் மன்னிக்க மாட்டேன் என்பாள்.

விழா கலைந்த மத்தியானம் அவள் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது ஆபரேட்டர் இரண்டு டம்ளர் டீயோடு இறங்கி வந்தார். மெஷின் ரூமின் சின்ன ஜன்னல் வழியாக அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தட்டைக் கொஞ்சம் முன்னாடியே விட்டுட்டீங்க" என்றார். "நிஜமா விழறவங்க தட்டைக் கடைசிவரைக்கும் பிடிச்சுக்குவாங்க. அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் சுத்தம்."

பெரியம்மாவுக்கு முதலில் சுரீர் என்று கோபம் வந்ததாம். அப்புறம்தான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவள் தொழிலில் ஒருத்தர் கண்டுபிடித்த முதல் குறை அது. குறை சொல்ல வேண்டுமானால் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

"பதிமூணு வருஷம் ஆச்சு விழுந்து" என்றாள்.

"தெரியுது. ஆனா இடுப்பு மறக்கல" என்றார் அவர்.

மறுநாள் நெட்டை கவுண்டருக்கு வந்தான். நேற்று நான் சரியாகத் திரும்பினேன் பார்த்தாயா, நாம் மறுபடியும் ஜோடி சேர்ந்து ஆடலாம் என்றான்.

"பார்த்தேன்" என்றாள் பெரியம்மா. "முதுகைக் காட்டறது ஒண்ணு உனக்கு எப்பவும் நல்லா வரும். அப்படியே திரும்பி நட."

நாலு மாதத்தில் அவளுக்கும் ஆபரேட்டருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டது என் அம்மா. அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. இந்த வயதில், காது வேறு கேட்காத ஒரு மனுஷரிடம் என்னத்தைப் பார்த்தாய் என்று அக்காவிடம் கேட்டாளாம். "நான் ஒண்ணும் பார்க்கலடி, அவர்தான் பார்த்தார்" என்றாளாம் பெரியம்மா.

நான் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. எனக்கு விவரம் தெரிந்தபோது நெட்டை பேட்டி கொடுக்க ஆரம்பித்திருந்தான். அந்தக் காவியப் படத்தின் நிஜக் கதாநாயகன் என்று படம் போட்டு எழுதினார்கள். ஸ்டாண்டு ஆட்டத்தைத் தானே ஒரு பிரிவின் வேதனையில் கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தான். யாருடைய பிரிவு, யார் பிரிந்தார்கள் என்று நிருபர் கேட்கவில்லை. நான் பத்திரிகைக்கு மறுப்பு எழுதப் பேனாவை எடுத்தேன். பெரியம்மா பிடுங்கிக்கொண்டாள். எழுதினால் அவன் பேருக்குப் பக்கத்தில் தன் பேரும் வரும், ஒன்பது வருஷம் பட்டதே போதும் என்றாள். அவன் செத்தபோதும் தொலைக்காட்சியில் மழைக் காட்சியைத்தான் போட்டார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், ஒரு விழா மலரில் படித்தேன். அதைத் திட்டித் திட்டியே கல்யாணத்தில் முடிந்தவர்கள் என் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். தொலைக்காட்சியில் வந்தால் இரண்டு பேரும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்து தலைப்பிலிருந்து வணக்கம் வரைக்கும் விடாமல் பார்ப்பார்கள். மரம் இரண்டாவது தடவை போகும்போது ஒரே குரலில் சொல்வார்கள். கதாநாயகி கட்டிலில் மயங்கும்போது பெரியம்மா, அவளுக்குத் தலையணை போதுமா என்று கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருமுறை சேர்ந்து பார்க்க வந்துவிட்டு, இடைவேளையில் நாசூக்காக எழுந்து போய்விட்டார்கள்.

அவர்களுக்குள் சண்டை என்று நான் பார்த்தது ஒரே தடவை. பெரியப்பாவுக்கு எழுபது ஆன வருஷம். படம் ஓடிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது பாட்டு மட்டும் அவ்வளவு மோசமில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பெரியம்மா எழுந்து உள்ளே போனவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. என்னை வைத்துத்தான் தகவல் போய் வந்தது. மூன்றாம் நாள் பெரியப்பா சோபாவுக்கு எதிரே வந்து நின்று, யோசித்துப் பார்த்ததில் அந்தப் பாட்டிலும் தாளம் உதைக்கத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

"இதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாளா?" என்று கேட்டுவிட்டு, பெரியம்மா நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.